சாமி படத்துக்குப் பின்னால் இருந்த காகிதம்

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். தயக்கம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். உள்ளபடி அது பயம். மூன்று தடவை நோட்டு வாங்கினேன். ஒன்று விதைநெல் விவரம் எழுதித் தீர்ந்தது. ஒன்றைக் கரையான் தின்றது. இது மூன்றாவது நோட்டு. நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை.

எங்கள் ஊருக்குத் தக்கலையிலிருந்து உள்ளே போகவேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு பூ நெல், வரப்போரம் கொஞ்சம் வாழை. அதுதான் எங்கள் சீவனம். குளித்து, திருநீறு பூசி, விளக்கு ஏற்றாமல் நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இவன் சாமியை விட்டுவிட்டான் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரிக்கு இடது மார்பில் கட்டி வந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் போவார்கள். நாங்களும் போனோம். மார்பை எடுத்தார்கள். அதோடு இடது கக்கத்திலிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். காயம் ஆறினபிறகு மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம் கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், இப்போது வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும். ஒன்பதரைக்கே வண்டி வந்துவிட்டது. வீட்டுக்காரியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். நான் மேலே சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நர்சுப் பெண் ஓடி வந்தாள். இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. பாதி மலையாளம், பாதி தமிழ்.

"அண்ணா, சேச்சிய ஒரு அஞ்சு மினிட்டு மேல கொண்டுவரணும். கைக்கு உள்ள எக்சர்சைஸ் காணிச்சுத் தரணும்."

"மக்களே, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன இந்தப் படி எறங்கணும். அடுத்த தடவை வரும்போ பாக்கலாம்" என்றேன். சின்னவர்களை எங்கள் பக்கம் மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.

"அஞ்சே மினிட்டு அண்ணா."

"வண்டிக்காரன் காத்து நிக்கான் மக்களே."

வண்டிக்காரன் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மடித்த காகிதம் ஒன்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் தந்தாள். "இதில எல்லாம் உண்டு. வீட்டில போயி ரெண்டுபேரும் வாசிக்கணும். வாசிச்சிட்டு பத்திரமா வைக்கணும்" என்றாள். சரி மக்களே என்றேன்.

அவள் சொன்ன இரண்டில் ஒன்றைச் செய்தேன். பத்திரமாக வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, கவரின் மூலையில் சந்தனம் தொட்டு, பூஜை அறையில் பகவதி படத்துக்குப் பின்னால் செருகினேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. நிலத்துப் பத்திரம், கட்டிக்கொடுத்த மகளின் ஜாதகம், எல்லாம் அங்கேதான் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதம் டாக்டர்மாருக்குள்ளது, இங்கிலீஷில்தான் இருக்கும், நமக்கு என்ன விளங்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிறகு மருந்து ஏற்றப் போனபோது அது வேறு கட்டடம், வேறு ஆட்கள். கைக்குச் சொல்லிக்கொடுத்தார்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மருந்து முடிந்தது, கரண்டும் முடிந்தது. நோய் போய்விட்டது என்றார்கள். போனது நோய் மட்டும்தான். அது வைத்துவிட்டுப் போனவற்றோடு என் வீட்டுக்காரி இன்றைக்கும் குடித்தனம் நடத்துகிறாள்.

காலில் மரப்பு வந்தது. வயலுக்குக் கஞ்சி கொண்டுவருவாள். ஒரு காலில் செருப்பு இருக்கும், இன்னொன்றை வரப்புச் சேறு வாங்கியிருக்கும். கழன்றது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் வெந்நீர் காலில் சரிந்து, கொப்பளம் வந்த பிறகுதான் பார்த்தாள். திடீரென்று உடம்பெல்லாம் தீயாக எரியும். மார்கழிப் பனியிலும் முற்றத்தில் போய் நிற்பாள். சின்ன வயதிலிருந்து பாடிவந்த சாமி பாட்டு பாதியில் நின்றுவிடும். அடுத்த வரி வராது. விளக்கின் முன்னால் கைகூப்பியபடி அந்த வரியைத் தேடிக்கொண்டு நிற்பாள். நான் எடுத்துக் கொடுத்தால் அழுவாள், கொடுக்காவிட்டாலும் அழுவாள்.

இதையெல்லாம் வெளியே சொல்ல முடியாது. என் அக்கா ஒருத்தி இருக்கிறாள், பக்கத்துத் தெருவில். அவளிடம் ஒருநாள் வீட்டுக்காரி தன் காலைப் பற்றிச் சொன்னாள்.

"உயிரே திரும்பக் கிட்டியாச்சு, காலு மரத்தா என்னட்டி? அம்மை தந்தத நெனச்சு கும்பிட்டுட்டுக் கெட" என்றாள் அக்கா.

அதற்குப்பிறகு இவள் யாரிடமும் சொல்வதில்லை. பிழைத்தவர்கள் வலிக்கிறது என்று சொன்னால் அது பேராசையாகத் தெரிகிறது மற்றவர்களுக்கு.

மூன்றாவது வருடம் இடது கை கனக்கத் தொடங்கியது. "கை ஒருமாதிரி பச்ச மரம் போல இருக்கு" என்றாள். சாயங்காலமானால் வளையல் தடம் பதிந்து கிடக்கும். கழுவித் துடைத்து எண்ணெய் போட்டாள். டாக்டரிடம் போவோமா என்று கேட்டாள். எனக்குத் தோன்றியது கண்திருஷ்டி. அது மாசி மாதம். மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் கொடைவிழா நடந்துகொண்டிருந்தது. விரதமிருந்து போனேன். மாவில் அவித்த மண்டையப்பம் படைப்பதாக நேர்ந்தேன். திருவிழாக் கடையில் ஒரு சிவப்புச் சரடு வாங்கி, சந்நிதியில் காட்டி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மனும் கோயிலும் இதில் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கட்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாங்கியதும் நான், கட்டியதும் நான்.

எங்கள் வழக்கத்தில் சரடு ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை.

"வலத்தேல கெட்டுனா என்ன? இது ஏற்கெனவே கனக்கு" என்றாள்.

"ஏட்டி, பொம்பளைக்கு வலத்தேல கெட்டுவாளா? நோவு இருக்க எடத்துக்குல்லா காவல் வேணும்" என்றேன்.

மூன்று முடிச்சுப் போட்டேன். நாற்பத்தோரு நாள் விரதம். சரடு தானாக அற்று விழவேண்டும், கத்திரி படக்கூடாது என்றும் சொன்னேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கும்பப்பூ அறுப்பு நெருங்கியிருந்தது. இரண்டாவது வாரத்திலேயே சரடு சதைக்குள் இறங்கத் தொடங்கியது. களத்தில் வேலைக்கு வந்த ஒருத்தி கேட்டாள்: "யக்கா, அண்ணன் ஒத்தக் கைக்கு மட்டுந்தான் சோறு போடுகாரோ? மத்த கை மெலிஞ்சு போச்சே."

இவள் சிரித்துக்கொண்டே, "அது வேல செய்யுது. இது இருந்து திங்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு சாயங்காலம், "கேட்டேளா, இது எறுகிக் கெடக்கு. கொஞ்சம் இளக்கி விடுங்கோ" என்று கையை நீட்டினாள். முடிச்சைத் தொட்டால் விரதம் முறியும் என்று எனக்கு நினைப்பு. "அம்மை சோதிக்கா. இன்னும் இருபது நாளுதானே. பொறு" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவள் என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான். மறுபடி கேட்கவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து சரடு இருந்த இடத்தில் தோல் வெடித்தது. மஞ்சள் வைத்தாள். மறுநாள் குளிர்க்காய்ச்சல்; பல் கிடுகிடுவென்று அடித்தது. மணிக்கட்டிலிருந்து தோள்வரை செக்கச்செவேலென்று இருந்தது, தொட்டால் அடுப்பாகச் சுட்டது. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயது டாக்டரம்மா. கையைப் பார்த்தவுடன் கத்திரியை எடுத்தாள்.

"அறுக்காதீங்கம்மா, நான் அவுக்கேன்" என்று குறுக்கே போனேன்.

நகத்தால் முடிச்சை நெம்பினேன். நீர் கோத்து, அந்தச் சரடு கம்பிபோல் இருந்தது. நான் நெம்ப நெம்ப அவள் கட்டிலில் துள்ளினாள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, கையைக் காப்பாத்தணுமா, கயிறைக் காப்பாத்தணுமா? அத முதல்ல சொல்லுங்க."

நான் முடிச்சையே நெம்பிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து வீட்டுக்காரிதான் சொன்னாள்: "தள்ளி நில்லுங்கோ. அறுக்கட்டு."

அறுத்தார்கள். சரடு இருந்த இடத்தில் நெல் ஒன்றைப் படுக்கவைக்கலாம், அவ்வளவு பள்ளம். டாக்டரம்மா ஊசியை வலது கையில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "நெறி எடுத்த கை இது. இறுக்கமா ஒண்ணும் கட்டக்கூடாது, ஊசி போடக்கூடாது, பிரஷர் பாக்கக்கூடாது. ஆபரேஷன் பண்ணின எடத்துல இதெல்லாம் எழுதிக் காகிதம் தரலையா?"

"ஒருத்தரும் ஒரு வாக்கு சொல்லல்ல டாக்டரே" என்றாள் வீட்டுக்காரி, பல் அடித்துக்கொண்டே.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. நர்சுப் பெண், பிளாஸ்டிக் கவர், மூலையில் வைத்த சந்தனம்.

"ஒண்ணும் தரல்ல" என்றேன்.

மறுநாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். குளித்தேன். குளிக்காமல் அந்த அறைக்குள் போக முடியாதே. படத்தின் பின்னாலிருந்து கவரை எடுத்துப் பிரித்தேன். காகிதம் தமிழில் இருந்தது. நல்ல, எளிய தமிழ். ஒன்றாம் வகுப்புப் பாடம்போலப் பெரிய எழுத்து, பக்கத்தில் படங்கள். இங்கிலீஷாக இருந்திருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இந்தக் கையை ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும் என்று இருந்தது. இறுக்கமான வளையல், மோதிரம், கயிறு எதுவும் கூடாது. பாரம் தூக்கும்போது பார்த்துத் தூக்க வேண்டும். காயம், சிவப்பு, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கை கனக்கிறது என்று தோன்றினால் உடனே வர வேண்டும், தொடக்கத்திலேயே பார்த்தால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். படத்தில் ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்புபோல மேலே மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். தினமும் செய்யவேண்டிய பயிற்சி. ஐந்து நிமிடம்தான் ஆகும் என்றும் எழுதியிருந்தது.

மடித்தேன். கவரில் போட்டேன். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கை அதற்குப்பிறகு பழைய கை ஆகவில்லை. மூன்று தடவை அதே மாதிரி சிவந்து காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். தையல்காரி இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுக்கிறாள். கல்யாண வீடுகளில் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஓரமாக உட்காருவாள். சப்பாத்திக்கு மாவு பிசைய முடியாது, தேங்காய் துருவ முடியாது, தலைமுடியைத் தூக்கிக் கட்ட முடியாது. தினமும் காலையில் விரலிலிருந்து கக்கம் வரைக்கும் அழுத்தத் துணி சுற்ற வேண்டும். கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. அதை ஆஸ்பத்திரியில் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். விளக்கேற்றியவுடன் நான் சுற்றுவேன். சுற்றும்போது அவள், வார்டில் தன்னைப் பார்த்துக்கொண்ட அந்த நர்சை ஏசுவாள்.

"அந்தப் பிள்ளை ஒரு வாக்கு சொல்லியிருந்தா எனக்கு இந்தக் கெதி வருமா? அவளுக்கு இந்தக் கையோட அருமை தெரியட்டு. தெய்வம் காட்டிக் குடுக்கட்டு."

எரிகிற விளக்கின் முன்னால் சொல்வாள். நான் துணியைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். ஆறு வருடம், தினமும்.

இதற்கிடையில் என் அக்கா வேறொரு கதை கட்டியிருந்தாள். கோயிலிலும் பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டு நடந்தாள். சரடு கட்டியிராவிட்டால் நோய் திரும்ப வந்திருக்குமாம். அம்மன் அதைக் கையோடு பிடித்து நிறுத்திவிட்டாளாம். அந்தக் கதை எங்களைவிட வேகமாக ஊர் சுற்றியது.

போன ஐப்பசியில் குழித்துறைப் பக்கமிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் எங்கள் வீடு தேடி வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இவளுக்கு நடந்த அதே ஆபரேஷன், அதே ஆஸ்பத்திரி, அதே இடது பக்கம், பதினாறு நாள் ஆகியிருந்தது. அவன் சந்தையில் காய்கறி விற்கிற மலக்கறிக் கடைக்காரன். நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பை.

"அண்ணாச்சி, சரடு எத்தன முடிச்சு? வெள்ளிக்கெழம கெட்டணுமா, செவ்வாயா?" என்று கேட்டான்.

வீட்டுக்காரி சுற்றிய கையோடு வாசலில் நின்றிருந்தாள். "அவரிட்டயே கேளுங்கோ. கெட்டுன ஆளு அவருதான்" என்றாள்.

அவன் பையிலிருந்து சரட்டை எடுத்தான். கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரும் வெளியே வந்தது. அதன் மூலையில் சந்தனம் காய்ந்திருந்தது. 

"அது என்ன தம்பி?"

"ஆஸ்பத்திரில தந்தது அண்ணாச்சி. சாமிகிட்ட வச்சிருந்தேன். நல்ல காரியத்துக்கு வாறோம்லா, கூட எடுத்துட்டு வந்தேன்."

"வாசிச்சியா?"

"இல்ல. அதெல்லாம் டாக்டர்மாருக்குள்ளதுல்லா."

பேசாமல் இருந்திருக்கலாம். சரடு கட்ட வேண்டாம், டாக்டரைக் கேள் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவன் கேட்கமாட்டான். நான் கேட்டிருப்பேனா? அந்தப் பெண் தன் இடது கையை மடியில் வைத்து வலது கையால் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை இன்னும் கையாக இருந்தது.

எழுந்து பூஜை அறைக்குப் போனேன். என் கவரை எடுத்துவந்து வீட்டுக்காரி முன்னால் வைத்தேன். "நம்மளுக்கும் தந்தா. அந்த நர்சுப் பிள்ளை தந்தா. கைக்குச் சொல்லித்தாறேன், அஞ்சு மினிட்டு நில்லுங்கண்ணு கெஞ்சினா. நான் ராகுகாலம்ணு சொல்லிட்டு எறங்கி வந்தேன். வாசிக்கச் சொன்னா, வாசிக்கல்ல" என்றேன். வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது.

கண்ணாடி எடுத்து மாட்டினாள். காகிதத்தைப் பிரித்து, சத்தமாக, எழுத்துக்கூட்டி, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். கயிறு என்ற வரியில் நின்றாள். அதை மட்டும் இரண்டாவது தடவை வாசித்தாள். மலக்கறிக் கடைக்காரன் தன் காகிதத்தைப் பிரித்தான். வரிக்கு வரி அதேதான். பிறகு இவள் அந்தப் பெண்ணைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போய், விரல்களை எப்படி ஏற்றவேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். இடது கை மேலே ஏறாது. வலது கையால் காட்டினாள்.

அவர்கள் போனபிறகு கேட்டாள்: "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"சரடு அறுத்த அண்ணைக்கே ஓர்ம வந்தது. மறுநாள் வாசிச்சேன்."

"அப்போ அந்தப் பிள்ளை..."

"அவ சொல்ல வந்தா. நான் விடல்ல."

காகிதத்தை மடித்துக் கவரில் போட்டாள். பிறகு சொன்னாள்: "கை போனா போட்டு. எல்லாரும் ஒவ்வொண்ண எழந்துட்டுத்தான் கெடக்கா. விளக்கு முன்ன நிண்ணுல்லா அவளைச் சபிச்சேன். அவளுக்கும் ஒரு புள்ள இருக்கும்லா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, போதும், நிறுத்துட்டிண்ணு உங்களுக்கு வாயில வரல்லியே."

 

அடுத்த நாள் காலையில் துணியை நான் எடுக்குமுன் அவள் எடுத்துவிட்டாள். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தானே சுற்றினாள். ஒற்றைக் கையால் சுற்றினால் நிற்காது. அவிழ்ந்து அவிழ்ந்து விழும். பதினோரு நாள் அப்படிச் சுற்றினாள். கை இன்னும் வீங்கியது. பன்னிரண்டாம் நாள் கையை என் பக்கம் நீட்டினாள், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "மன்னிச்சுட்டேன்ணு நெனைக்காதியோ. வேற ஆளில்ல" என்றாள். இப்போதும் நான்தான் சுற்றுகிறேன். இப்போது அவள் யாரையும் ஏசுவதில்லை. அந்த நேரத்தில் வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. அவள் ஏசிக்கொண்டிருந்ததே எனக்கு மேலாக இருந்தது.

திருவனந்தபுரத்துக்குப் பரிசோதனைக்குப் போனபோது அந்த நர்சுப் பெண்ணைத் தேடினாள். பெயர் தெரியாது. அடையாளம் சொன்னோம். அப்போது இருந்தவர்களில் பாதிப்பேர் கல்ஃபுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். ஒரு மன்னிப்பைச் சொல்லக்கூட இடமில்லாமல் இரண்டுபேரும் பஸ் ஏறினோம்.

நான் இதை எழுதப்போவது தெரிந்து அக்கா வந்து சண்டை பிடித்தாள். "வீட்டுக்குள்ள கெடக்கத எதுக்குல வெளிய சொல்லுக? அம்மைக்க பேரு கெட்டுப்போகும்" என்றாள். வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து சொன்னாள்: "அம்மைக்க பேரு ஒண்ணும் கெடாது. கெட்டா இவருக்க பேருதான்." அக்கா போனபிறகு என்னிடம் சொன்னாள்: "எழுதுங்கோ. ஆனா பாதி எழுதாதியோ."

முழுசாக எழுதிவிட்டேன். படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் யாராவது இதேபோல ஆபரேஷன் முடிந்து வந்திருந்தால் இதைச் சொல்லுங்கள், பகர்த்தி எழுதிக் கொடுங்கள். சொல்லும்போது என் அக்காவைப்போலக் கூட்டவேண்டாம். என்மேல் இரக்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம். ராகுகாலத்தை விட்டுவிடாதீர்கள். "ஒண்ணும் தரல்ல" என்று நான் சொன்னதை விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, அந்தப் பெண் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொல்லுங்கள். முதலில் வாசிக்க வேண்டும். பத்திரமாக வைப்பது அதற்குப் பிறகுதான்.